பின்வரிசையைக் கட்டிய கயிறு

நடந்தவை இவை.

1. தாம்பரத்தில் நான் படித்த கல்லூரியிலேயே, பெண்கள் கால்பந்து அணியின் தடுப்பு வரிசைக்குப் பயிற்சியாளரானேன்.
2. பின்வரிசை நால்வரும் ஒரே கோட்டில் நகர்வதற்காக அவர்களை இடுப்புக் கயிற்றால் இணைத்துப் பழக்கினேன்.
3. கயிறு அடிக்கடி அவிழ்ந்தது. முடிச்சை மாற்றினேன்.
4. மழைக்கு மறுநாள் காலை, வலது ஓரத்தில் ஆடுபவளின் முழங்கால் போனது.
5. அவளாகவே வழுக்கி விழுந்தாள் என்று கல்லூரிப் படிவத்தில் எழுதப்பட்டது. அதன் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.
6. இருபத்து மூன்று நாட்கள் கழித்து உண்மையைச் சொன்னேன்.

நான் இயந்திரவியல் படித்தவள். பகலில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப்பரிசோதனை வேலை. காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை மைதானம். அதன் பிறகு ஜிஎஸ்டி சாலையில் கம்பெனி பஸ். படிக்கும்போது நானும் பின்வரிசையில்தான் ஆடினேன். அணியின் தலைமைப் பயிற்சியாளர் கோல் அடிப்பதில் மட்டுமே உயிர் வைத்திருப்பவர். நான் படித்து முடித்த வருடம் என்னைக் கூப்பிட்டு, "முன்னாடி நான் பாத்துக்கறேன், பின்னாடி நீ பாத்துக்கோம்மா" என்றார். ஐந்து வருடங்கள் பார்த்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் டிஃபென்ஸ் கோச் என்று சொன்னபோது, "ஏர்ஃபோர்ஸ்லயா? சொல்லவே இல்லியே!" என்று வியந்தார். விளக்கியதும் முகம் சுருங்கிவிட்டது. "ஓ, கோல் வுடாம பாத்துக்கற வாட்ச்மேன் வேலை." அது ஒன்றும் தவறான விளக்கமில்லை.

பின்வரிசையில் நால்வருக்கும் இடையே தூரம் மாறக் கூடாது. பந்து வலப்பக்கம் போனால் நால்வரும் வலப்பக்கம் நகர வேண்டும். ஒருத்தி இரண்டு அடி பிந்தினாலும் அந்த இடைவெளியில் எதிரணி புகுந்துவிடும். இதை வாயால் சொல்லிப் பார்த்தேன், பலகையில் வரைந்து காட்டினேன். கடைசியில் எட்டு எட்டடிக்கு ஒருத்தியாக இடுப்பில் கயிறு கட்டி நடக்கவிட்டேன். பிந்துகிறவளைக் கயிறே இழுத்துச் சொல்லிவிடும்.

முதல் நாள் வலது ஓரத்துப் பெண்தான் ஆரம்பித்தாள். "இன்னாக்கா, மாட்டுப்பொங்கலுக்கு இன்னும் நாள் கீதே, இப்பவே கட்டிட்டீங்க?"

பக்கத்திலிருந்தவள், "ஏய், நீ இழுக்காதடி, என் ட்ராக் பேன்ட் கழண்டுடும்" என்றாள்.

"கழண்டா கழலட்டும், யாரு பாக்கப்போறா? சார் இன்னும் டீக்கடையிலதான் கீறாரு."

அவள் அனகாபுத்தூர்ப் பெண், இறுதியாண்டு மாணவி. அம்மா ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் தையல் வேலை, அப்பா இல்லை. பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் மகளிர் அணித் தேர்வு ஐந்து வாரத்தில் வர இருந்தது. தேர்வானால் நிரந்தர வேலை. அங்கே வயது வரம்பின்படி அவளுக்கு அந்த ஒரு தேர்வுதான் மிச்சம். அவள் பின்னோக்கி ஓடும் விதத்தைப் பார்த்து, கட்டாயம் கிடைக்கும் என்று அவளிடமும் அவள் அம்மாவிடமும் நானே சொல்லியிருந்தேன்.

கயிற்றை முதலில், வேகமாக இழுத்தால் தானாக அவிழும்படிதான் கட்டினேன். ஒரு காலைக்குள் பதினொரு முறை அவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் நின்று கட்ட வேண்டும். நேரம் போனது, பெண்கள் சிரித்தார்கள். தொழிற்சாலையில் குறைகளை எழுதும் அதே முறையில் என் நோட்டில் எழுதினேன்: "குறை: அவிழ்தல். தீர்வு: இறுக்கு முடிச்சு." எழுதியபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. அவிழ்வதுதான் அந்த முடிச்சின் வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று காலை தரை ஈரமாக இருந்தது. பந்து இடதுபக்கம் தலைக்கு மேலே போனது. இடது ஓரத்தில் இருந்தவள் பழக்கதோஷத்தில் திரும்பி முழுவேகத்தில் ஓடினாள். நடுவில் இருந்த இருவரும் இழுபட்டார்கள். வலது ஓரத்தில் இவள் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தாள். பாதம் சேற்றில் ஊன்றியிருந்தது. இடுப்பு போனது, பாதம் போகவில்லை.

அவள் கத்தவில்லை. "அக்கா, கயித்த எடுங்க, கயித்த எடுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் முடிச்சு இன்னும் இறுகியிருந்தது. என் விரல்களால் முடியவில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலால் வெட்டினேன்.

மருத்துவமனை வராந்தாவில் தலைமைப் பயிற்சியாளர் படிவத்தை வைத்துக்கொண்டு, "எப்டி ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சரில் இருந்து அவள் சொன்னாள்: "நானேதான் சார் வழுக்கி வுழுந்துட்டேன். தரை ஈரம்." அவர் எழுதினார். பேனாவை என்னிடம் நீட்டினார். வாங்கினேன்.

உள் தசைநார் முழுதாக அறுந்துவிட்டது, அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பழங்களோடு அனகாபுத்தூருக்குப் போனேன். மற்ற நாட்களில் மைதானத்தில் மீதி மூவரோடும் புதிதாக ஒருத்தியோடும், கயிறு இல்லாமல், பயிற்சி நடந்தது. கயிறு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அது அவர்கள் எனக்குச் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது ஞாயிறும் அவள் அம்மா டீ கொடுத்துவிட்டு, வழக்கம்போல என் எதிரிலேயே மகளைத் திட்ட ஆரம்பித்தார். "கீழ பாத்து ஓடுன்னு சின்ன வயசுலேருந்து சொல்றேன். கேட்டாளா? வேலை கையில வர நேரத்துல வழுக்கிக்கினு வந்து படுத்துக்கினு கெடக்கா. அக்கா எவ்ளோ கஷ்டப்பட்டு உன்னைத் தயார் பண்ணாங்க, அவங்க மூஞ்சிய எப்டிடி பாக்கற?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"அம்மா, அவ வழுக்கல" என்றேன். கயிறு, முடிச்சு, மழை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப இத்தினி நாள் நான் இவளத் திட்டிக்கினு இருந்தேனே, அத நீயும் கேட்டுக்கினுதானேம்மா இருந்த?"

மறுநாள் காலை கல்லூரி முதல்வரின் அறையில் அதையே எழுதிக் கொடுத்தேன். சாயங்காலமே இனி மைதானத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நியாயமான முடிவுதான். தலைமைப் பயிற்சியாளர் மட்டும் வாசல் வரை வந்து, "என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை.

அன்று அவள் போன் செய்தாள். நன்றி சொல்வாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

"உங்கள யாருக்கா போய்ச் சொல்லச் சொன்னது?"

"நீ திட்டு வாங்கினதப் பாத்து..."

"எங்கம்மா திட்டறதெல்லாம் ஒரு மேட்டரா? நான் உங்களுக்காவ மட்டுமா பொய் சொன்னேன்? கால் சரியாயி வந்தா என்ன ரெடி பண்ண அங்க ஒரு ஆள் வேணும்ல. வேற எங்கயாச்சும் டிரையல்ஸ் வந்தா கூட்டிக்கினு போக ஆள் வேணும்ல. சாருக்கு என் பேர்கூட சரியாத் தெரியாது. இப்ப நீங்களும் போயிட்டீங்க."

முன்பே சொல்லியிருந்தால் அவள் அம்மாவின் திட்டாவது மிச்சமாகியிருக்கும். சொல்லாமலே இருந்திருந்தால் அவளுக்கு ஒரு பயிற்சியாளர் மிச்சமாகியிருப்பாள். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

இன்றைய நிலை இது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. முழங்கால் நன்றாக மடங்குகிறது. நேராக ஓடலாம், சட்டென்று திரும்பக் கூடாது. தேர்வு அவளில்லாமல் நடந்து முடிந்தது. குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருக்கிறாள். அவள் அம்மா என் போனை எடுக்கிறார், அவள் எடுப்பதில்லை. கல்லூரி அணியின் பின்வரிசைக்கு இன்னும் யாரும் பயிற்சியாளராக வரவில்லை.