மூக்கி சொன்ன ஒரே பொய்

ஒயின் கிடங்கில் எல்லாரும் அவளை மூக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதில், அண்ணனின் வியாபாரத்துக்கு மூன்று மாதம் கைகொடுக்கலாம் என்று வந்தவள். மூடிய பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றபடியே, உள்ளே இருப்பது புளித்துப்போய்விட்டது என்று சொன்னாள். திறந்து பார்த்தால் அப்படியே. அதோடு மாட்டிக்கொண்டாள், முப்பத்துமூன்று வருஷம் ஓடிவிட்டது. அவள் மூக்குக்காக வீட்டில் வாசனை சோப்பு கிடையாது. மதியத்துக்கு முன் வெங்காயம் வதக்கக் கூடாது. அவளை விரும்பிக் கேட்டு வந்த ஒரு நல்ல மனிதரை, சிகரெட் பிடிக்கிறார் என்று அண்ணன் வாசலோடு திருப்பி அனுப்பினார்.

கடலோரத்தில் இருந்த பள்ளித் தோழி பூக்கடை வைக்கவிருந்தாள். "கூட்டுக்கு வர்றியா? மாசக் கடைசிக்குள்ள சொல்லு" என்று கேட்டிருந்தாள். மூக்கி அண்ணனிடம் மூன்று முறை பேச்செடுத்தாள். மூன்று முறையும் அவர் கண்கலங்கி, "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார்.

கிடங்கில் நாற்பது வருஷத்துச் சிவப்பு ஒயின் பன்னிரண்டு பாட்டில் இருந்தது. வாங்குகிறவர் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் அண்ணன் பக்கத்தில் நிற்க, மூக்கி ஒரு பாட்டிலைத் திறந்து, மண்டி கலங்காமல் கண்ணாடிக் குடுவையில் சாய்த்தாள். கொஞ்சம் கோப்பையில் ஊற்றி, வெள்ளைத் துணிக்கு மேல் சரித்துப் பார்த்தாள். நடுவில் மாதுளைச் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். சுழற்றி முகர்ந்தாள். உலர்ந்த அத்திப்பழம், பழைய தோல் பை, நனைந்த மண். ஒரு வாய் எடுத்தாள். இளசாக இருந்தபோது நாக்கைப் பிடித்து இழுத்திருக்கக்கூடிய துவர்ப்பு பட்டுப்போல் மடங்கிக் கிடந்தது. துப்பிய பிறகும் ருசி போக மனமில்லாமல் நின்றது.

"போச்சுண்ணா" என்றாள். "தக்கை நாத்தம் ஏறிடுச்சு. எல்லாத்துக்கும் ஒரே தக்கை, பன்னிரண்டும் கெட்டதுதான்."

அண்ணன் சந்தேகப்பட்டு வெளி ஆளைக் கூப்பிடுவார், அவர் நன்றாக இருக்கிறது என்பார், மூக்கிக்கு மூக்கு போய்விட்டது என்று அவளைப் போக விட்டுவிடுவார்கள். அதுதான் அவள் போட்ட கணக்கு.

அண்ணன் யாரையும் கூப்பிடவில்லை. "நீ சொன்னா சரி" என்று பெருமூச்சு விட்டார். அடுத்த பாட்டிலைத் திறந்து, கழுவும் தொட்டியில் கடகடவென்று கவிழ்த்தார். அறை முழுக்க அத்திப்பழம் மணத்தது. மூக்கி பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது பாட்டிலும் பாதி போய்விட்டது.

"ஐயோ, நிறுத்துண்ணா!" பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். "நல்லா இருக்கு. இதைவிட நல்லதை நான் வாயில வச்சதே இல்ல."

"அப்புறம் ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எனக்குப் போகணும். நீ விடமாட்டேங்குற."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். "தப்பு என்மேலதான். உனக்கு ரொம்ப வேலை குடுத்துட்டேன்" என்றார். "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ."

மதியம் வந்தவருக்கு அந்த ஒயினைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னாள். மிச்சமிருந்த ஒன்பதையும் எடுத்துக்கொண்ட அவர், "எங்க கிடங்குக்கும் மாசம் ஒருதடவை இவங்க வருவாங்களா?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன, தாராளமா வருவா" என்றார் அண்ணன், அவள் பக்கம் திரும்பாமலே.

மூக்கி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தோழிக்கு என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் லீவில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மாசக் கடைசி வந்து போயிற்று, எழுதவே இல்லை.