துண்டுக்குள் ஒரு தீர்ப்பு

முற்றத்தில் காய்ந்த கையுறைகளின் புளித்த தோல் வாசனையும், மூட்டைகளிலிருந்து வரும் ஏலக்காய் வாசனையும் கலந்து எங்கள் போடி வீட்டை ஒரு வாரம் ஆட்டிவைத்தன. இன்றைக்கும் யாராவது பாயசத்துக்கு ஏலக்காய் தட்டினால் எனக்குக் குத்துச்சண்டைதான் நினைவுக்கு வருகிறது. நாற்பதுகளின் தொடக்கம் அது. மதராஸிலிருந்து வந்த சாமுவேல் ஒரு காலத்தில் கனத்த உடம்புக்காரர்களின் பிரிவில் "சாம்பியன்". எங்கள் ஊருக்கு வந்தபோது தலை நரைத்து, வயிறு லேசாகத் தொங்கி, ஊர் ஊராக டூரிங் கொட்டகைகளில் சண்டை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கொட்டகைக்காரர் கேட்டுக்கொண்டதால், ஏலக்காய் வியாபாரியான என் அய்யா அவரை எங்கள் வீட்டில் தங்கவைத்தார்.

வெறும் காட்சிச் சண்டையில் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. உள்ளூர் இளவட்டங்கள் வீறாப்பாக ஏறிக் கையை வீசுவார்கள். அவர் குனிந்து, நகர்ந்து, அலுத்துப்போகும்வரை ஆடவிட்டு, தாடையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவைப்பார். பெண்கள் பக்கத்து மணலில் அத்தையோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். அடி விழுவதைப் பார்க்க மாட்டேன் என்று அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நூலிடுக்கு வழியாக ஒன்றுவிடாமல் பார்த்தாள். ஊரே அவர்மேல் பைத்தியமாகிவிட்டது, நானும்தான்.

பகலில் அவர் அய்யாவின் கடையில் வந்து உட்காருவார். அப்போதெல்லாம் வியாபாரிகள் "துண்டு போட்டு"த்தான் விலை பேசுவார்கள்: கைகள்மேல் துண்டை மூடி, விரலைத் தொட்டு விலை சொல்வது, படிந்துவிட்டால் முழுக் கையையும் பற்றி ஓர் அழுத்து. சாம்பியனுக்கு அதைப் பார்த்தால் அடக்க முடியாத சிரிப்பு. அய்யாவின் இன்னொரு வழக்கத்தையும் அவர் ரசித்தார். மற்றவர்கள் மூட்டையின் வாயில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து விலை வைக்க, அய்யா மட்டும் முழங்கை மறையக் கையை விட்டு அடிச்சரக்கை எடுத்துப் பார்ப்பார்.

கடைசி நாள் மாலைக்கு நிஜச் சண்டை ஒன்று ஏற்பாடாகியிருந்தது; எதிராளி மேகமலை எஸ்டேட்டின் லாரி டிரைவர் மாயாண்டி. அன்று காலை சாப்பிடும்போது சாம்பியன் அய்யாவிடம் சொன்னார்: "இங்க ஜெயிச்சா மதராஸ்ல ஒரு பெரிய சண்டை நிச்சயம், ஐயா. தோத்தா கையுறையக் கழட்டிட்டு வீட்டுக்கு வந்துடுன்னு சம்சாரம் சொல்லிட்டா." அத்தை அவர் இடது பக்கத்திலிருந்து சட்னிக் கரண்டியை நீட்டிக்கொண்டே நின்றாள், அவர் கவனிக்கவில்லை. பிறகு கோழியைப் போலத் தலையை முழுக்கத் திருப்பித்தான் பார்த்தார். முந்தின நாளும் அப்படித்தான். நான் அய்யாவின் காதில் சொன்னேன்: "அய்யா, அவுகளுக்கு எடது கண்ணு தெரியல." அய்யா அவருடைய இடது கண்ணை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

நடுவர்கள் மூன்று பேர்: கொட்டகைக்காரர், எஸ்டேட் கிளார்க், அய்யா. வாய்விட்டுத் தீர்ப்புச் சொன்னால் கூட்டம் கல்லை எடுக்கும் என்று, வியாபாரிகள் அதற்கும் துண்டையே போட்டார்கள். மேடையில் சண்டையை நடத்தும் ரெப்ரி ஒவ்வொரு நடுவர் கையையும் துண்டுக்குள் பிடிப்பார்; ஒரு விரல் என்றால் சாம்பியன், இரண்டு விரல் என்றால் மாயாண்டி.

முதல் ரவுண்டுகளில் சாம்பியனின் ஆட்டம் அழகோ அழகு. போகப் போக மாயாண்டி அவருடைய இடப்பக்கமாகவே சுற்றிவந்தான். அங்கிருந்து வந்த குத்து ஒவ்வொன்றையும் அவர் பட்ட பிறகுதான் அறிந்தார். ஆனாலும் விழவில்லை. மணி அடித்தது. ரெப்ரியின் கை துண்டுக்குள் போய்வந்து, மாயாண்டியின் கையைத் தூக்கியது. கொட்டகைக்காரர் சாம்பியன் பக்கம், கிளார்க் தன் எஸ்டேட் டிரைவர் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். மிச்சமிருந்தது அய்யாவின் விரல்கள்தாம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே, நம்ம வீட்டுச் சோத்தத் தின்ன மனுசன இப்படிக் கவுத்திட்டீகளே!"

"வாய்ச்சரக்க மட்டும் பாத்திருந்தா நானும் அவுகளுக்குத்தான் சொல்லியிருப்பேன் ஆத்தா. அடியில கைய விட்டுப் பாத்துட்டேனே" என்றார் அய்யா. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. சாம்பியனும் சாப்பிடவில்லை. எனக்கு அய்யாவின்மேல் ஆத்திரமாகவும் பாவமாகவும் இருந்தது.

விடிந்ததும் சாம்பியன் பெட்டியோடு முற்றத்தில் நின்றார். கையுறைகளைப் பெட்டியில் வைக்காமல் ஏலக்காய் மூட்டையின்மேல் விட்டிருந்தார். சொல்லிக்கொள்ள வந்த அய்யாவின் தோளிலிருந்து துண்டை உருவி, இருவர் கையையும் மூடி, உள்ளே முழுக் கையையும் பற்றி அழுத்தினார். பேரம் படிந்தால் அழுத்துவதைப் போல. அய்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன்பின் சாம்பியன் மேடை ஏறவேயில்லை என்று கொட்டகைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஏலக்காய் ஏலம் கணினியில் நடக்கிறது. ஆளுக்கொரு பொத்தான், யார் கையும் யார் கையையும் தொடுவதில்லை. பேரம் படிந்த பிறகும் கையை விட மனமில்லாமல் இரண்டு பெரிய மனிதர்கள் துண்டுக்குள் நிற்க, கோபம் தீராத அத்தை அடுப்படியிலிருந்து, "போதும், விடுங்க. ரெண்டு பேருக்கும் காப்பி ஆறுது" என்று அதட்டிய அந்தக் காலையை எங்கே போய்த் தேடுவேன்?