கரியன் நனைக்காத தரை

என் அப்பா நனைத்த தரைக்கு ஒரு நாயைக் குற்றவாளி ஆக்கினேன். தெரிந்தே செய்தேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். காப்பாற்றிக்கொண்டது என் மானத்தை.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நடந்த இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் நடுவில் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைத்து, கும்பகோணத்துக்குக் கிழக்கே இருந்த கிராமத்திலிருந்து ஓசூர் வந்தேன். இன்று ஆலை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது தமிழ்நாட்டில் இன்னோர் ஊர். எங்களுக்கு அன்று வேறு தேசம். கடைக்காரர் தெலுங்கில் விலை சொல்வார், பால்காரி கன்னடத்தில் சண்டை போடுவாள், சோற்றுக்குப் பதில் களி. எல்லாவற்றையும்விட எனக்கு விசித்திரமாகப் பட்டது, பொழுது சாய்ந்தால் நாய்கள் வீட்டுக்குள் படுத்ததுதான். எங்கள் பக்கம் நாய் நிலைப்படியைத் தாண்டிவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். இங்கே குளிருக்கு அடுப்போரம் மனிதரும் நாயும் சேர்ந்து சுருண்டு கிடந்தார்கள்.

அம்மா போன பிறகு அப்பாவையும் அழைத்து வந்தேன். அவர் வர விரும்பவில்லை; நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வேறு வழியில்லாமல் செய்து கூட்டி வந்தேன். ஐப்பசிக் குளிரிலேயே கம்பளிக்குள் ஒடுங்கிவிட்டார். அவருடைய தமிழ் தெருவில் பாதிப் பேருக்குப் புரியவில்லை, அவர்கள் பேசியது அவருக்குப் புரியவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வெங்கடப்பா பெங்களூரில் மில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பினார். அவரிடம் கரியன் என்று ஒரு நாய் இருந்தது. வளர்ந்து முற்றிய ஆண் நாய். அதைக் கயிற்றோடு எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"அங்க லைன் வீடு சார், நாயி வெச்சா தொரத்திடுவாங்கோ. நீங்க ஒரு மாசம் வெச்சிப் பாருங்கோ. ஒத்து வந்தா உங்குளுது. வல்லைன்னா அஞ்செட்டில என் மச்சான் முனியப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்கோ."

"வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணுமா?"

"ஆம்பள நாயி சார், புது ஜாமான் கண்டா காலு தூக்கும். மனுசன் கையெழுத்துப் போடறதில்லியா? அதுமாதிரி."

அவர் சிரித்தார். என் மனைவி கமலம் சிரிக்கவில்லை.

முதல் வாரம் கரியன் எங்கள் தஞ்சாவூர்ச் சாமான் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டது. டிரங்குப் பெட்டி, அரிசி மூட்டை, கதவு நிலை. எல்லாம் சுவரோரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கொஞ்சமாகத் தெளித்த ஈரம். கமலம் கழுவிக் கழுவி அலுத்தாள். அப்பாவுக்கோ அதைப் பிடித்துவிட்டது. கட்டிலருகே படுக்க வைத்துக்கொண்டு, குறுவைக்கு எந்த வயலில் முதலில் தண்ணீர் வைக்க வேண்டும் என்று அதற்கு விளக்குவார்.

"அது தெலுங்கு நாயிப்பா," என்றேன்.

"இருக்கட்டும்டா. உன்னவிட நல்லா கேட்டுக்குது."

இரண்டு வாரத்தில் கரியன் கால் தூக்குவதை நிறுத்திவிட்டது. ஆனால் ஈரம் நிற்கவில்லை. இந்த ஈரம் வேறு. கட்டிலுக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவே தரையில் குளமாகத் தேங்கி நின்றது. சுவரில் ஒரு துளி இல்லை. பார்த்தவுடனே எனக்குப் புரிந்தது. ராத்திரிக் குளிரில் கொல்லைக்குப் போக எழுந்த அப்பா கதவுவரை போய்ச் சேரவில்லை. கமலம் துணியோடு நின்று, "இது என்னங்க, இவ்வளவு?" என்று கேட்டாள். அப்பா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். "நாய்தான்," என்றேன். அப்பா பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவர் கை கரியனின் தலைமேல் இருந்தது.

அதன்பின் தினமும் நாய்தான். வெங்கடப்பா சொன்ன ஒரு மாதக் கெடு முடிந்த அன்று, "நாயா நானா, முடிவு பண்ணுங்க," என்றாள் கமலம். உண்மையைச் சொல்லி நாயை வைத்துக்கொள்ளலாம், அல்லது பொய்யைக் காப்பாற்றி அதை அனுப்பலாம். நான் முனியப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். அஞ்செட்டி காட்டை ஒட்டிய ஊர், அங்கே சிறுத்தை முதலில் தூக்குவது நாயைத்தான் என்பது எனக்குத் தெரியும். வண்டியில் ஏற்றியபோது அப்பா வெளியே வரவில்லை.

மறுநாள் காலை அதே இடத்தில் ஈரம். கமலம் துணியோடு வந்தாள், பார்த்தாள், நின்றாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவள் துடைத்துவிட்டுப் போனாள். அன்றுமுதல் அப்பா மதியத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதை விட்டார். உதடு வெடித்து ரத்தம் கசிந்தபோதும் குடிக்கவில்லை. செம்பை நீட்டினால், "வேணாம்டா. இனிமே பழிய ஏத்துக்க ஆள் இல்ல," என்றார்.

கமலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன, மாமாவ வெளியிலயா தள்ளியிருப்பேன்?" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டிக்குப் போனேன்.

கரியன் உயிரோடு இருந்தது. கழுத்தில் சிறுத்தைக்குப் பயந்து கட்டிய ஆணிப்பட்டை, ஒரு காது கிழிந்திருந்தது. என்னைப் பார்த்து வாலாட்டவில்லை. வீட்டில் ஈரம் இன்னும் நிற்கவில்லை என்றதும், நான் ஏதோ புகார் கொண்டுவந்திருப்பதாக முனியப்பா நினைத்துக்கொண்டார்.

"இன்னா சார், நாயி இங்க வந்தப்புறமும் உங்கூட்ல ஈரமா? இங்க ஒரு சொட்டு உள்ள உடலியே!"

"அது பண்ணல."

"பின்ன யாரு?"

இம்முறை அப்பாவையும் சொல்ல மனம் வரவில்லை, நாயையும் சொல்ல முடியவில்லை. "நான்தான்," என்றேன். முனியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆபீசருங்களும் தமாசு பேசறாங்கப்பா!" என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பகிரங்க ஒப்புதல் இப்படித்தான் முடிந்தது.

மூங்கில் ஏற்றி வந்த வண்டி ஒன்றில் கரியனைக் கூட்டி வந்தேன். அப்பாவின் முன் நின்று, "தப்பு என்னுதுப்பா," என்றேன்.

"நாய்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

கரியன் வீட்டுக்குள் வரவில்லை. எத்தனை முறை கூப்பிட்டும், சோறு காட்டியும், நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றது. இருட்டியதும் கொல்லையிலிருந்த மாட்டுக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டது. அப்பா எழுந்தார், கம்பளியை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். கெஞ்சினேன். கமலம் அழுதாள். அவர் திரும்பி வரவில்லை. கொட்டகை மண்தரையில் எந்த ஈரமும் யார் கண்ணிலும் படவில்லை. செம்பை வாங்கிப் பொழுதுக்கும் தண்ணீர் குடித்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் புதிதாக வந்த எண்ணெய் வியாபாரி கொல்லைப் பக்கமாக வந்தான். கொட்டகை வாசலில் அப்பா கரியனின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; சமையலறை ஜன்னலோரம் நான் நின்றிருந்தேன்.

"பெரியவரே, வூட்டுக்காரரு நீங்களா?"

"உள்ள இருக்காரு," என்றார் அப்பா. "நாங்க ரெண்டு பேரும் வெளியூரு."

கரியன் அந்தத் தெருவிலேயே பிறந்த நாய்.