ஹோர்ட்டோபாஜ் வெளியில் ஒரு துலா

நாங்கள் வாழும், ஜெர்மன் பேசும் வில் நகரிலிருந்து வந்த எங்கள் பழைய வான் வண்டி, ஹங்கேரியின் ஹோர்ட்டோபாஜ் கிராமத்துக்கு வெளியே புல்வெளியில் கொதித்து நிற்கிறது. ரேடியேற்றர் வற்றிவிட்டது. எதிரே, நீண்ட மரத்தின் ஒரு முனையில் வாளியும் மறுமுனையில் பாரமும் தொங்கும் ஒரு துலாக்கிணறு.

அரைகுறை ஜெர்மன் பேசும் மாட்டுக்காரர் மறிக்கிறார்.

"தொடாதே! வெளியூர்க்காரர் எல்லாரும் பாதியில கம்பை விட்டு வாளியை உடைக்கிறாங்கள்."

"வா மச்சான், போவம்," என்கிறான் வான் ஓட்டி வந்த சிவா.

"எதிலயடா போறது?"

நான் ஊரில் துலாவில் இறைத்துப் பழகிய கையால் துலாக்கம்பைப் பிடித்து வாளியை இறக்குகிறேன். துலாவின் மறுமுனைப் பாரம் தூக்க, நிறைவாளி சிந்தாமல் மேலே வருகிறது. அதை வானுக்குக் கொண்டுபோகாமல் மாட்டுத்தொட்டியில் ஊற்றுகிறேன். நீண்ட கொம்புச் சாம்பல் மாடுகள் நெருங்குகின்றன.

மாட்டுக்காரர் தொப்பியைப் பின்னால் தள்ளுகிறார்.

"நல்லது. தொட்டியை நிரப்பு. பிறகு உன்ர வண்டிக்கு எடு."

"தேவையோடா உனக்கு?" என்கிறான் சிவா.

நான் சட்டையைக் கழற்றி அவனிடம் கொடுக்கிறேன்.