மதிவதனியின் மூன்று லைன்

மதிவதனிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வேங்கிக்காலில் அவள் குடியிருக்கும் தெருவே சொல்லும். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

அடி அண்ணாமலையில் பிறந்து பி.எஸ்சி. படித்தவள். முதல் வேலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில், கல்யாணத்துக்காக விட்டாள். அடுத்தது பள்ளிக்கூடத்தில், மகள் கவியா பிறந்ததும் விட்டாள். விட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. விட வைத்தார்கள். மூன்றாவது வேலை வீட்டுக்குள்ளேயே வந்தது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு, டைப் அடித்து, சென்னைக் கம்பெனிக்கு நெட்டில் அனுப்ப வேண்டும். இதை மட்டும் எவனுக்காகவும் விடுவதில்லை என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

ஆனால் டெலிபோன் லைனில் பிராட்பேண்ட் வந்த புதிது அது. நாலு தூறல் விழுந்தால் லைன் படுத்துவிடும். இரண்டு தடவை வேலை தாமதமாகப் போனது. இன்னொரு தடவை ஆனால் அவ்வளவுதான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அவள் கணவன் கோபி, "போனா போவுது, விடு மதி. வீட்ட பாத்துக்க" என்றான். அந்த 'விடு'வைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை எரிந்தது.

ஒரே காம்பவுண்டில் மூன்று வீடு. கீழே முன்பக்கம் வீட்டுக்காரர் அப்பாதுரை, பின்பக்கம் வாத்தியார் ராஜமாணிக்கம், மாடியில் இவர்கள். மூன்று வீட்டிலும் தனித்தனி லைன், மூன்றிலும் தனித்தனிப் புலம்பல். மதிவதனி நெட்டிலேயே படித்துத் தெரிந்துகொண்டு, சென்னையிலிருந்து ஒரு ரௌட்டரை வரவழைத்தாள். அந்தப் பெட்டியை மாடிப்படி முகப்பில் மாட்டி, மூன்று வீட்டு மோடத்திலிருந்தும் வயர் இழுத்து அதில் சேர்த்தாள். அங்கிருந்து திரும்ப மூன்று வீட்டுக்கும் ஒவ்வொரு வயர். கோயிலில் கூட்டம் வந்தால் மூன்று வரிசையாகப் பிரித்து விடுவார்களே, அதே வேலைதான். எந்த லைனில் நெரிசல் கம்மியோ அதில் அனுப்பும். ஒரு லைன் செத்தால் மற்றதில் திருப்பிவிடும். "ஒண்ணு போனாலும் மத்தது இழுத்துக்கும், கவலையே படாதீங்க" என்று வீடு வீடாகச் சொன்னாள். ஆடி, ஆவணி மழையிலெல்லாம் நெட் நிற்கவே இல்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. அமெரிக்காக்காரனுக்கு ஆயுத பூஜையாவது அண்ணாமலையாவது! விடிந்ததும் வீட்டைக் கழுவி, சுண்டல் வேகவைத்து, அரிவாள்மணைக்குப் பொட்டு வைத்து, மதிவதனி உள்ளறையில் போய் உட்கார்ந்தாள். "கம்ப்யூட்டர தொடாதீங்க. பூஜைக்கு அது கிடையாது" என்று கோபியிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, ஒரே மூச்சில் அடித்து முடித்தாள். அனுப்பப் போனால் நெட் இல்லை.

உள்ளறையின் பின்கதவைத் திறந்தால் மாடிப்படி. பெட்டியைப் பார்த்தாள். மூன்று லைன் விளக்கும் அணைந்து கிடந்தன. ஒரு பொட்டு மழையில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

அப்பாதுரை வீட்டு மோடம், சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வர முடியாதாம். இது இலையில் அடங்குகிறதாம்.

"ஏங்க ஐயா, இத எடுத்து வச்சீங்களே, என்னாண்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நீதானம்மா சொன்ன, ஒண்ணு போனாலும் மத்தது இழுத்துக்கும்னு. படைச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலைல மறுபூஜை போட்டுட்டு எடுத்துக்கலாம்."

பின்வீட்டுக்கு ஓடினாள். வாத்தியார் மனைவி ரேணுகாம்பாள் வீட்டிலும் அதே வாழையிலை, அதே பொட்டு. "மத்த ரெண்டு லைனு இருக்குதேன்னு எடுத்து வச்சுட்டேன் மதி. படைச்சதுல கை வைக்க முடியாதே."

பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்தாள். தன் வீட்டு லைனை இழவெடுத்த டெலிபோன்காரர்களைத் திட்டிக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தாள். அங்கே, ஸ்கூட்டர் சாவிக்கும் அரிவாள்மணைக்கும் நடுவில், அவளுடைய மோடம் பூவைச் சூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"கம்ப்யூட்டரத்தான் குடுக்கல, இதையாவது வைக்கலாம்னு எடுத்தேன். கீழ ரெண்டு லைனு இருக்குதுல்ல?" என்றான் கோபி, பொரியைக் கொறித்தபடி.

மதிவதனி குனிந்து மோடத்தை எடுத்தாள்.

"ஏய்! படைச்சத எடுக்காத மதி. ஆயுதத்துக்கு வருஷத்துல ஒருநாள் ஓய்வு குடுக்கணும்."

"ஆயுதத்துக்கு ஓய்வா? காலைலேர்ந்து வீடு கழுவுனேன், சுண்டல் செஞ்சேன், உங்க ஸ்கூட்டரையும் நான்தான் தொடச்சேன். என்னைய ஏங்க மணையில உக்கார வச்சு, பொட்டு வச்சு, இன்னிக்கு ஒண்ணும் செய்யாத மதின்னு சொல்லல? அரிவாள்மணைக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்லயா?"

அவள் பூவை எடுத்துக் கீழே வைத்தாள். குங்குமத்தைத் துடைக்கவில்லை. வயரைச் சொருகினாள். விளக்கு எரிந்தது.

உள்ளே போய் அனுப்பினாள். ஆமை வேகத்தில் நகர்ந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தவள், எழுந்து படிக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தாள். கீழ்வீடு இரண்டுக்கும் நெட் கொண்டுபோகும் வயர்களின் விளக்குகள் பேய் பிடித்த மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தன. முன்வீட்டிலிருந்து புதுப்படப் பாட்டு கேட்டது. அப்பாதுரையின் மகன் விமல்ராஜ் ஒவ்வொன்றாக நெட்டில் இறக்கிக்கொண்டிருந்தான். தங்கள் லைனைச் சாமிக்குப் படைத்துவிட்டு, அவள் லைனில் கொண்டாடுகிறார்கள்!

கீழே இறங்கும் வயர் இரண்டையும் பெட்டியிலிருந்து பிடுங்கிப் போட்டாள். பாட்டு பாதியில் நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் அவளுடைய வேலை முழுதும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அப்போதுதான் அவள் தண்ணீர் குடித்தாள்.

சற்றைக்கெல்லாம் அப்பாதுரை படியேறி வந்தார்.

"ஏம்மா, இப்ப வந்துகிட்டிருந்த நெட்டு நின்னுபோச்சே?"

"உங்க நெட்டு பூஜைல இருக்குதுங்க ஐயா. நாளைக்குக் காலைல மறுபூஜை போட்டுட்டு எடுத்துக்கங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் மதிவதனி.