ரூபி சிஸ்டரும் ஒரு கிளாஸ் லாகரும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. ஃபேக்டரியில் ஷிப்மென்ட் டென்ஷன். ஷூ பெட்டிகளுக்கு நடுவே நின்று கத்திக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. எடுத்தால், ரூபி சிஸ்டர்.

"ஜெயசீலா, சனிக்கிழமை நீயும் இம்தியாஸும் பெங்களூர் போறீங்க இல்ல? எத்தினி மணிக்கு டிரெயின்?"

நாங்கள் போவது இவருக்கு எப்படித் தெரியும்? அதைவிட முக்கியம் – எதற்குப் போகிறோம் என்று தெரியுமா?

"தெரியும்" என்றார், நான் கேட்காமலே. "நானும் வர்றேன். எனக்கும் சேத்து டிக்கெட் எடுத்துடு."

போனை வைத்துவிட்டார்.

ரூபி சிஸ்டர் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். பாதி சர்வீஸ் ஆபரேஷன் தியேட்டரில், மீதி ஆண்கள் வார்டில். இப்போது ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ரிட்டயர் ஆனாலும் ஊருக்கு அவர் சிஸ்டர்தான். நேரில் கூப்பிடும்போது எனக்கு மட்டும் ஆன்ட்டி. அவர் மகன் எபினேசர் என் காலேஜ் தோஸ்த் என்பதால்.

சர்ச்சில் குடிக்கு எதிராகப் பேச வேண்டும் என்றால் பாஸ்டரே அவரைத்தான் கூப்பிடுவார். பிரசங்கமெல்லாம் கிடையாது. "வீங்கின வயித்த நான் தொட்டுப் பாத்திருக்கேன். அவன் பொண்டாட்டி கட்டிலுக்குக் கீழ படுத்திருப்பா" என்பார். அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு அன்று மதியச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகன் என்ன தொழில் செய்கிறான் தெரியுமா?

பீர் காய்ச்சுகிறான்.

எபியும் என்னைப் போல ஷூ ஃபேக்டரியில் சேர்ந்தவன்தான். மெயின்டனன்ஸ் பிரிவு. ஒருமுறை புது மெஷின் ட்ரெயினிங்குக்காக கம்பெனி அவனை செக் நாட்டுக்கு அனுப்பியது. அவன் தங்கியிருந்த சின்ன ஊரில் ஒரு சின்ன பீர் ஆலை. பகலில் மெஷின், சாயங்காலம் ஆலை. வேடிக்கை பார்க்கப் போனவன், கொஞ்ச நாளில் கையில் துடுப்பு வாங்கி பார்லியைக் கிளற ஆரம்பித்துவிட்டான். திரும்பி வந்தபோது மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அங்க பீர்னா வேறடா. நமக்கு இட்லி எப்படியோ, அப்படி" என்றான்.

சில வருடம் பொறுத்து வேலையை விட்டான். பெங்களூரில் ஒரு பார்ட்னரைப் பிடித்து, முன்னால் சாப்பாட்டு ஹால், பின்னால் காய்ச்சும் இடம் என்று ஒரு கடை போட்டான். நம் மாநிலத்தில் அப்படி ஒரு கடைக்கு வழியில்லை. இருந்திருந்தாலும் ஆம்பூரில் போட்டிருப்பானா? அம்மா இருக்கும் ஊரில்?

செய்தி தெரிந்த நாளிலிருந்து ரூபி சிஸ்டர் மகனோடு பேசவில்லை. அவன் கூப்பிட்டால் போனை எடுப்பார், குரல் கேட்டதும் "ராங் நம்பர்" என்பார், வைத்துவிடுவார். அவன் அடுத்த ஞாயிறும் கூப்பிடுவான்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த பீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் ஊர் பாட்டிலில் 'ஸ்ட்ராங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நான் விளம்பரம் என்று நினைத்திருந்தேன். எச்சரிக்கை என்று எபியின் கடைக்குப் போன பிறகுதான் புரிந்தது. அவன் ஊற்றுவது செக் பாணி லாகர் பீர். முதலில் நுரை – கெட்டியாக, ஈரமாக, மீசையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் கீழே தேன் நிறம். வாயில் பட்டதும், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் ருசி. விழுங்கும்போது ஒரு கசப்பு... வேப்பம்பூ ரசத்தில் வருமே, அந்த மாதிரி. வரும், நலம் விசாரிக்கும், போய்விடும். அது போன இடத்தைத் தேடிக்கொண்டு அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகும்.

அதைக் காய்ச்சுவது பெரிய பேஜார். முளைகட்டிக் காயவைத்த பார்லியை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து, அதில் ஒரு பங்கை எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்து, திரும்ப ஊற்றி, திரும்ப எடுத்து... பிறகு வாரக்கணக்கில் குளிர்ந்த டேங்கில் தூங்க விட வேண்டும். "அவசரப்பட்டா ருசியே காட்டிக் குடுத்துடும்" என்பான் எபி.

எங்கள் கூட்டணியில் இன்னொருவன் இம்தியாஸ். வாணியம்பாடி பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கெமிஸ்ட். மதுவைத் தொடமாட்டான். பிறகு எதற்கு வருகிறான்? ஈஸ்ட் போடுவதற்கு முன்னால் அந்தப் பார்லித் தண்ணீர் சூடாக, இனிப்பாக, கேழ்வரகு மால்ட்டுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். எபி அவனுக்காக ஒரு பெரிய டம்ளர் பிடித்து வைப்பான். வாரம் முழுக்கத் தோல் நாற்றத்தில் நிற்கும் மூக்கு, அந்த ஆவியில் மூழ்கி எழும். "இவ்ளோ நல்ல சாமானத்துல ஏன்டா ஈஸ்ட் போட்டு கெடுக்கறீங்க?" என்பான், ஒவ்வொரு முறையும். பதிலுக்கு அவன் வீட்டிலிருந்து ஒரு பெரிய கேரியரில் பிரியாணி வரும், கத்திரிக்காயோடு. ஆம்பூர் பிரியாணிக்கும் அந்த லாகருக்கும் உள்ள பொருத்தம் இருக்கிறதே... செக் நாட்டுக்காரர்கள் இத்தனை காலம் பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டிருக்கிறார்கள், பாவம்.

சரி. சனிக்கிழமைக்கு வருவோம்.

ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார் ரூபி சிஸ்டர். வெள்ளைப் புடவை, தோளில் ஒரு பை, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு பாட்டில். குப்பம் ஸ்டேஷன் தாண்டியது. அதற்குப் பிறகு அவரே ஆரம்பித்தார்.

"சபை மீட்டிங்ல ஒருத்தி கேக்கறா... சிஸ்டர், உங்க பையன் சாராயம் காச்சறானாமே, வர்றவங்க அங்கயே உருண்டு கெடக்கறாங்களாமேன்னு. எனக்கு கோவம் வந்துட்ச்சி. 'நீ போய்ப் பாத்தியா?'ன்னு கேட்டேன். அவ வாய மூடிக்கினா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்து யோசிச்சேன். நானும் பாக்கல இல்ல?"

இம்தியாஸ் மெதுவாக எழுந்து கதவருகே போய் எபிக்கு போன் போட்டான். நானும் பின்னாலேயே போனேன்.

"டேய், அம்மா வர்றாங்க."

"யார் அம்மா?"

"உங்க அம்மாடா."

லைன் கட்டாகிவிட்டதோ என்று இம்தியாஸ் போனைப் பார்த்தான். கட்டாகவில்லை.

கடை வாசலில் எபி நின்றிருந்தான். ரப்பர் பூட்ஸ், ஏப்ரன், முகத்தில் ரத்தமே இல்லை. "வாங்கம்மா" என்றான்.

ரூபி சிஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "காச்சற எடம் எங்க?"

பின்பக்கம் போனோம். பெரிய செம்புப் பானை, பக்கத்தில் வரிசையாக ஸ்டீல் டேங்குகள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். ஒரு குழாயின் அடியில் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். மூடியைத் திறக்கச் சொல்லி மோந்தார்.

"எதுல கழுவற?"

"காஸ்டிக் சோடாம்மா. அப்புறம் சுடுதண்ணி. அப்புறம் ஸ்டீம்."

"ஸ்டீம் எவ்ளோ நேரம்?"

சொன்னான். அவர் தலையை ஆட்டவில்லை; ஆனால் அடுத்த டேங்குக்கு நகர்ந்தார். எபிக்கு அதுவே பாஸ் மார்க்.

"கையக் காட்டு."

காட்டினான். சின்ன வயதில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது காட்டுவது போல, இரண்டு கையையும் நீட்டி.

"நகம் வெட்டல" என்றவர், அவன் முழங்கைக்குக் கீழே பார்த்து நின்றுவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு. வெந்து ஆறிய தோல்.

"இது எப்ப?"

"போன வருஷம்மா. பானை பொங்கிட்ச்சி."

"யார் டிரெஸ்ஸிங் பண்ணது?"

"இங்க பக்கத்துல ஒரு கிளினிக்."

அந்தத் தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தார். தோல் இழுக்கிறதா என்று விரலை மடக்கி நீட்டச் சொன்னார். நீட்டினான்.

"சரியாப் பண்ணல" என்றார். "ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?"

"பண்ணேன்மா" என்றான் எபி.

நானும் இம்தியாஸும் பக்கத்து டேங்கில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மும்முரமாகப் படித்தோம். அதில் படிக்க ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, ரூபி சிஸ்டர் புடவைத் தலைப்பால் முதலில் அவன் முகத்தையும் அப்புறம் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குது. அந்த பிரியாணிய எடு" என்றார் இம்தியாஸிடம்.

ஹாலில் ஓரமாக ஒரு மேஜை. பிரியாணி பரிமாறியாயிற்று. எபி உள்ளே போய் ஒரு கிளாஸோடு வந்து அம்மா முன்னால் வைத்தான். முழு கிளாஸும் வெள்ளை நுரை.

"இது இன்னா?"

"மிலீகோம்மா. அந்த ஊர்ல பாலுன்னு அர்த்தம். முழுக்க நுரையாவே ஊத்துவாங்க. இனிப்பா இருக்கும்."

"பாலுன்னு பேர் வெச்சா பால் ஆயிடுமா?"

எபி கையைப் பிசைந்தான். கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று யோசிப்பது தெரிந்தது. அதற்குள் அவர் எடுத்துவிட்டார். ஒரு வாய். கண்ணை மூடினார். இன்னொரு வாய். மேல் உதட்டில் அழகான வெள்ளை மீசை. சொல்கிற தைரியம் எங்கள் மூவரில் யாருக்கும் இல்லை.

"உள்ளதக் குடு. நுரை வேணாம்."

எபி ஓடினான். சின்ன கிளாஸில் தேன் நிறத்தில் வந்தது. ஒரு கவளம் பிரியாணி, ஒரு வாய் லாகர். மறுபடி ஒரு கவளம். நாங்கள் சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சோத்துக்கு நல்லா சேருது" என்றார். "கசப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி."

அந்தக் கசப்பைப் பற்றி யாராவது குறை சொன்னால் அரை மணி நேரம் சண்டை போடுகிறவன் எபி. நானே பட்டிருக்கிறேன். அன்று, "சரிம்மா" என்றான்.

கிளாஸைக் கீழே வைத்தார் ரூபி சிஸ்டர்.

"என் வார்டுல படுத்திருந்தவன் எவனும் ருசிக்காகக் குடிக்கல எபி. உள்ள போனா சரின்னு ஊத்திக்கினவங்கதான். நீ பண்றது வேறன்னு கண்ணால பாத்துட்டேன். ஆனா, இங்க குடிச்சவன் ஒருத்தன் அங்க போய்ப் படுத்தா நான் தாங்கமாட்டேன்."

"அது என் கையில இல்லையேம்மா."

"ஊத்தறது உன் கைதான?"

என் கிளாஸ் பாதியில் இருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

அப்போது பார்த்து பக்கத்து மேஜையில் சத்தம். கழுத்தில் கம்பெனி கார்டோடு நாலைந்து சாஃப்ட்வேர் பையன்கள். ஒருவன் கிளாஸை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தான். மேஜையில் சாப்பிட ஒரு வேர்க்கடலைகூட இல்லை.

ரூபி சிஸ்டர் எழுந்தார். எபி, "ம்மா, வேணாம்மா" என்றான். அவர் அதற்குள் போய் நின்றுவிட்டார்.

"சாப்டியா?"

தமிழ்ப் பையன்தான் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தான். எத்தனையோ நோயாளிகளைப் படுக்கவைத்த அந்தக் குரலுக்கு முன்னால் யாரால் பொய் சொல்ல முடியும்?

"இன்னும் இல்ல ஆன்ட்டி."

"காலைல?"

"இல்ல..."

"காலி வயித்துல இது இன்னா பண்ணும் தெரியுமா?" என்று ஆரம்பித்து, ஈரல் எங்கே இருக்கிறது என்று அவன் விலாவிலேயே விரலால் தொட்டுக் காட்டினார். ஹாலே அமைதியாகக் கேட்டது. அந்த மேஜை மட்டுமல்ல, அதற்கடுத்த மேஜையும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெனு கார்டைக் கையில் எடுத்தது. கிச்சனுக்கு அன்று மூச்சு விட நேரமில்லை.

எபியின் பார்ட்னர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு இவங்க?" என்றார் கலவரமாக.

"எங்கம்மா" என்றான் எபி. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அழுது முடித்த முகத்தில் சிரிப்பு வந்தால் அதற்கு ஒரு தனி வெளிச்சம்.

திரும்பும்போது ரயிலில் அவர் ஜன்னலோரம் நன்றாகத் தூங்கினார். அந்தச் சின்ன கிளாஸ்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இல்லை, பல நாள் தூங்காத தூக்கம் அது என்கிறான் இம்தியாஸ். அவன் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

பிடிக்காத ஒன்றைத் தூரத்திலிருந்து வெறுப்பது எவ்வளவு சுலபம். டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்தும் பார்த்துவிட்டு, அப்புறமும் தன் பயத்தை நேராகச் சொல்வதற்கு எவ்வளவு மனசு வேண்டும்? நானெல்லாம் எத்தனையோ விஷயங்களில் இன்னும் ஸ்டேஷனுக்கே வந்து சேரவில்லை.

சர்ச்சில் இன்னமும் குடிக்கு எதிராக அவர்தான் பேசுகிறார். பேச்சில் ஒரு வார்த்தை மாறவில்லை. எபியின் கடையில்தான் மாற்றம் – சாப்பிடாதவர்களுக்கு ஊற்றுவதில்லை என்று போர்டு வைத்துவிட்டான். நேற்று முன்தினம் ரூபி சிஸ்டர் மறுபடி போன் செய்தார். இந்தச் சனிக்கிழமை எத்தனை மணி வண்டி என்று கேட்டார். எபியிடம் சொன்னேன். அவன் கடைக்குத் தவறாமல் வருகிறவர்களுக்கும் எப்படியோ செய்தி போய், எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கே சீட் சொல்லி வைத்துவிட்டார்களாம்.

சிஸ்டர் ரவுண்ட்ஸ் வருகிற பீர் கடை உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்கிறதா, தெரிந்தால் எழுதுங்கள்.