பாதம்வரை போகாத ரத்தம்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன ரயில் நிலையத்தில் நான் சரக்குக் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்தேன். தங்கியிருந்தது பிரிக்பீல்ட்ஸில், அக்கா வீட்டில். அத்தான் சரக்கு வண்டியில் கார்டு. ரயில்வே கொடுத்த குவாட்டர்ஸ் வீடு. தண்டவாளம் வீட்டுக் கொல்லைக்கு மிக அருகில் ஓடியது. வண்டி போகும்போது அடுக்களைப் பாத்திரங்கள் நடுங்கும். அத்தான் ஆறடி உயரம். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு அவர் பாட ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும்.

அந்த வருடம் ரயில்வேக்காரர்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். வகுப்பு முடிந்ததும் தேத்தண்ணியும் பன்னும் தந்தார்கள். நான் போனது அதற்காகத்தான். டாக்டர் ஒருவர் சுவரில் பெரிய படம் ஒன்றை மாட்டினார். தோல் உரித்த ஆள் உருவம். உடம்பு முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். அதுவரை நான், குடத்தில் தண்ணீர் இருப்பதுபோல ரத்தமும் உடம்புக்குள் சும்மா நிரம்பி இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அது நிற்காமல் ஓடுகிறது என்றார் டாக்டர். இதயம் அழுத்தித் தள்ளுகிற ரத்தம் தமனிகள் வழியாகப் போய், மயிரைவிட மெல்லிய குழாய்களாகப் பிரிந்து விரல் நுனிவரை சேர்கிறது. பிறகு நீலக் கோடுகளான சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்பி, நுரையீரலுக்குப் போய்க் காற்று வாங்கிக்கொண்டு மறுபடி புறப்படுகிறது. தமனி அறுந்தால் ரத்தம் துள்ளித் துள்ளி வரும், காயத்துக்கு மேலே எலும்போடு சேர்த்து அழுத்துங்கள் என்று சொல்லி, ஒரு கிராணியைப் படுக்க வைத்து அவன் தொடையிடுக்கில் இரண்டு கட்டைவிரல்களையும் ஊன்றிக் காட்டினார். அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அத்தானின் வண்டி எங்கள் நிலையத்தில் நின்ற ஒரு காலைப்பொழுதில் அது நடந்தது. பக்கத்துத் தோட்டத்தின் ரப்பர் புகைக்கூடத்துக்குக் கூரைத் தகரம் வந்திருந்தது. இறக்கும்போது கட்டு அவிழ்ந்து தகடுகள் சரிந்தன. கீழே நின்ற அத்தான் அவற்றைத் தாங்கப் போனார். ஒரு தகடு அவருடைய வலது தொடையின் உட்பக்கத்தை, மிக மேலே, கிழித்துக்கொண்டு இறங்கியது.

அவர் கத்தவில்லை. “என்னடா இது?” என்று கீழே பார்த்தார். காக்கிக் காற்சட்டையைத் தாண்டி ரத்தம் பீறிட்டது. பீறிட்டு, ஒரு கணம் தணிந்து, மறுபடி பீறிட்டது. துணி கட்டி முறுக்க இடமில்லாத உயரத்தில் காயம். அவர் உட்கார்ந்து அப்படியே சாய்ந்தார். நான் ஓடிப்போய் மண்டியிட்டு, வகுப்பில் காட்டிய இடத்தைத் தேடி இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து என் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினேன். முதலில் இடம் தப்பியது. கொஞ்சம் உள்பக்கம் நகர்த்தினேன். விரலுக்கு அடியில் உயிருள்ள ஏதோ ஒன்று துடித்தது. அதை எலும்போடு சேர்த்து நசுக்கினேன். ரத்தம் நின்றது.

அவ்வளவுதான். அதற்குமேல் எனக்குச் செய்யத் தெரிந்தது எதுவும் இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். டெலிபோனில் பேசிவிட்டு ஓடி வந்தார். “கிள்ளானிலையிருந்து பாசஞ்சர் வெளிக்கிட்டிட்டுது. அதிலை ஏத்திக் கோலாலம்பூருக்கு விடுவம். கையை மட்டும் எடுத்திடாதையும், தம்பி” என்றார்.

ஒரு கதவைக் கழற்றி வந்து அதில் அத்தானைப் படுக்க வைத்துத் தூக்கினார்கள். நான் குனிந்து அழுத்தியபடியே கூட நடந்தேன். பாசஞ்சர் வண்டியின் கடைசியில் இருந்த கார்டு பெட்டியில் ஏற்றினார்கள். எங்கள் நிலையத்து மலாய்க்கார போர்ட்டரும் கூட ஏறிக்கொண்டார்.

அத்தானுக்கு நல்ல நினைவு இருந்தது. “தம்பி, கொஞ்சம் விடுப்பா. ரொம்ப வலிக்குது.”

“விட முடியாது அத்தான்.”

“ஒரு நிமிசம்தான் லா.”

“விட்டா ரத்தம் வந்துடும் அத்தான். ஆசுபத்திரி வந்துரும், பொறுத்துக்குங்க.”

வகுப்பில் பார்த்த படம் என் கண்முன் நின்றது. நான் அழுத்துகிற இடத்துக்குக் கீழே, தொடை, முழங்கால், பாதம், ஐந்து விரல்கள் வரைக்கும் அந்தச் சிவப்புக் கோட்டில் எதுவும் போகவில்லை. விட்டால் ஆள் போய்விடுவார். விடாவிட்டால் கால் போய்விடும். இரண்டும் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தன. ஆனால் எதையும் தீர்மானிக்கிற இடத்தில் நான் இல்லை.

வழியில் என் விரல்கள் மரத்துப்போயின. அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. காயத்தில் மறுபடி ரத்தம் கசிந்தது. போர்ட்டர் அதைப் பார்த்துவிட்டு, “சாயா பெகாங், கிராணி” என்றார். தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்ன அவர், என் விரல்களை எடுக்கச் சொல்லாமல் அவற்றின் மேலேயே தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கசிவு நின்றது. எங்கள் நெற்றிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் நெருக்கத்தில் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தோம்.

அத்தான் தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. விரலடியில் துடிப்பு வேகமாகவும் மெலிதாகவும் ஆகிக்கொண்டே போனது.

பிரிக்பீல்ட்ஸ் வந்தபோது பெட்டியின் கதவு திறந்தே இருந்தது. எங்கள் குவாட்டர்ஸின் பின்பக்கம் தெரிந்தது. அக்கா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் துணிக் கவ்வி. அத்தானின் வெள்ளைச் சட்டையை உதறினாள். அவள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்க ஓடுகிற வண்டிகளில் அதுவும் ஒன்று.

ஆசுபத்திரியில் டாக்டர் தன் விரலை என் விரலுக்குப் பக்கத்தில் ஊன்றி, “நீ எடுக்கலாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். எடுக்க முடியவில்லை. நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

அறுந்த தமனியைக் கட்டிவிட்டார்கள். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை என்றார் டாக்டர். காலைப் பற்றிக் கேட்டேன். பெரிய வழி அடைபட்டால் சில பேருக்குப் பக்கத்துச் சின்னக் குழாய்கள் மெல்ல அகன்று ரத்தத்தைக் கீழே கொண்டுபோகும். சில பேருக்குப் போகாது. காத்திருந்து பார்க்கத்தான் வேண்டும் என்றார். தகவல் கேட்டு ஓடி வந்து பக்கத்தில் நின்ற அக்கா என் முகத்தையே பார்த்தாள். “என்னடா சொல்றாரு?” என்றாள். தமிழில் சொன்னேன்.

“நம்ம என்ன செய்யணும்னு கேளு.”

கேட்டேன். “ஒன்றும் இல்லை” என்றார். தேய்க்கக் கூடாது, சூடு வைக்கக் கூடாது, பஞ்சு சுற்றி அசைக்காமல் வைத்திருந்தால் போதும். அக்காவுக்கு அது பிடிபடவில்லை. பச்சைத்தண்ணீர்போலக் குளிர்ந்து கிடக்கிற பாதத்தைச் சும்மா எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? டாக்டர் அந்தப் பக்கம் போனதும் பஞ்சுக்கு மேலே கையை வைத்துக்கொள்வாள். மிஸ்ஸி பார்த்தால் எடுத்துவிடுவாள்.

வேலை முடிந்ததும் தினமும் போவேன். உள்ளே நுழைந்ததும் அக்கா, “பெருவிரலைத் தொட்டுப் பாரேன். நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் சூடா இல்ல?” என்பாள். தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டர் வந்து தொட்டுவிட்டு, அது உன் கையின் சூடு என்றார். அதை நான் தமிழில் சொல்லவில்லை.

விரல் நுனிகள் முதலில் நீலமாயின, பிறகு கறுத்தன. கறுப்பு மேலே ஏறத் தொடங்கியதும் டாக்டர் காலை எடுத்தாக வேண்டும் என்றார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அத்தான் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். “நீ அவ்வளவு நேரம் அழுத்திப் பிடிச்சதாலயா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டாக்டரிடம் கேட்டேன். இல்லை, தகடு வெட்டியபோதே கால் போய்விட்டது என்றார். அத்தான் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. நான் நம்பினேனா என்பதும் தெரியவில்லை.

காலை எடுத்த பிறகு அவர் முதலில் கேட்டது, “அத எங்கடா போட்டாங்க?” என்றுதான். மந்திரித்துப் புதைக்க வேண்டாமா என்று அக்கா மாதா கோயில் சாமியாரிடம் கேட்டுவரச் சொன்னாள். வார்டு ஆளிடம் விசாரித்தேன். அவன் தோளைக் குலுக்கினான். ஆசுபத்திரிக்குப் பின்னால் எங்கோ புதைத்திருப்பார்கள் என்றான்.

கார்டு வேலை போனதோடு குவாட்டர்ஸும் போனது. இருவரும் கிள்ளானுக்கு அப்பால் காப்பாரில் அக்காவின் நாத்தனார் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்கள். விடுமுறைக்கு நான் போனபோது அத்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு நடுவே முகம் சுளித்து, “ஏய், கால் சுண்டுவிரல் இடுக்குல அரிக்குது” என்றார். எந்தக் காலில் என்று அக்கா கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரிப்பைச் சொறிந்தாள்.

“இன்னும் கீழ” என்றார்.

அவள் இன்னும் கீழே சொறிந்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன்.